பதினோரு பழுப்புப் பெட்டிகள்

பதினோராவது பெட்டியும் காலி.

வாக்கிடாக்கியில் அந்தச் செய்தி வந்தபோது மணி ஒன்று இருபது. கண்ட்ரோல் ரூமில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் போட்டிருந்த பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், கையில் புருஷனுடைய இன்ஹேலரை இறுக்கிப் பிடித்தபடி. கதவு திறந்துதான் இருந்தது. 'காலி' என்ற வார்த்தை அவள் காதிலும் விழுந்திருக்கும்.

அவளுடைய புருஷன் இந்த கன்டெய்னர் யார்டில் சர்வேயர். ஊர் ஊராய்ச் சுற்றி வருகிற இரும்புப் பெட்டிகளுக்குள் நுழைந்து, ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. காலை எட்டே முக்காலுக்குக் காலிப் பெட்டி வரிசைக்குள் போனவர் வெளியே வரவில்லை. தினமும் பத்து மணிக்கு டீ குடிக்கும்போது வீட்டுக்குப் போன் செய்கிறவர் இன்று செய்யவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவளிடம் மேனேஜர், "பின் கேட் வழியா வெளிய போயிருப்பாரும்மா. வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டிருக்கிறார். போலீஸில் கேட்டால், சாயங்காலம் வரைக்கும் பாருங்கள் என்றார்களாம். அதற்கப்புறம்தான் எங்கள் ஆபீஸுக்குப் போன் வந்தது.

எங்கள் ஆபீஸ் என்றால் அக்காவும் நானும். அக்கா பதினாறு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடிப்பாள் என்று பேர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊரே அவளை 'செக்கரம்மா' என்றுதான் கூப்பிடுகிறது. என்னை அவள் கூப்பிடுவது 'பட்டாசு'. வாயை மூடாமல் வெடித்துக்கொண்டே இருப்பேனாம். அபாண்டம்.

அக்கா வந்ததும் முதலில் பார்த்தது சர்வேயரின் லாக்கரை. யார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம்; போன் லாக்கரில் இருந்தது. பக்கத்தில் இன்ஹேலர்.

"ஆஸ்துமாக்காரர் வீட்டை விட்டு ஓடிப்போனா எதை வேணா மறப்பார் சார், இதை மறப்பாரா?" என்று அவள் கேட்டபோது மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் காலையில் பதிவான கேமரா படத்தைத் தேடி எடுத்திருந்தார். எட்டு ஐம்பத்திரண்டு. ஏழாவது வரிசை. சர்வேயர் ஒரு பெட்டிக்குள் நுழைகிறார், கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்துகிறார். அவ்வளவுதான். மெதுவாகச் சுற்றுகிற கேமரா அது. அடுத்த முறை அந்தப் பக்கம் திரும்பியபோது அந்த இடத்தில் பெட்டியே இல்லை.

"கதவை எதுக்கு அவரே சாத்தறார்?" என்று அக்கா கேட்டாள்.

"இருட்டு பண்ணாத்தான் ஓட்டை தெரியும்மா," என்றார் ஆபரேட்டர். "வெளிச்சம் ஊசி மாதிரி உள்ள வரும். அப்படித்தான் எல்லா யார்டுலயும் பாப்பாங்க."

"அப்போ வெளிய ஒரு ஆள் நிக்கணுமே?"

ஆபரேட்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்னாடி அந்த வேலையை எடுத்துட்டோம். ஆள் பத்தலை."

"அரைகுறையா சாத்தின கதவைப் பார்த்தா, பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவங்க தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிருவாங்க," என்றார் ஆபரேட்டர் தாழ்ந்த குரலில். "மழைத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு பழக்கம். கிரேன் சத்தத்துல உள்ள இருந்து தட்டினா யாருக்குக் கேக்கும்?"

வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

யார்டில் ஆயிரத்து நானூறு பெட்டிகள், ஐந்தடுக்காக. படத்தில் திறந்த கதவு பெட்டி எண்ணை மறைத்துவிட்டது. தெரிந்தது நிறம் ஒன்றுதான்: பழுப்பு. காலையிலிருந்து ஏழாவது வரிசையில் நகர்ந்தவை முப்பத்தெட்டு. அவற்றில் பழுப்பு பதினாலு. அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கித் திறந்து பார்க்க கிரேனுக்குப் பத்து நிமிடம். "பழுப்புப் பெட்டி, பழுப்புப் பெட்டி" என்று வாக்கிடாக்கியில் கத்திக் கத்தி ஆபரேட்டரின் தொண்டை கட்டிவிட்டது.

பதினோரு பெட்டி ஆயிற்று. இன்னும் மூன்று.

"மூணுல ஒண்ணுல இருப்பார்க்கா," என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

திரையையே பார்த்துக்கொண்டு நின்ற அக்கா திடீரென்று திரும்பினாள்.

"மேனேஜர் சார், கொஞ்சம் இப்படி வாங்க. திரைக்குப் பக்கத்துல நில்லுங்க."

"எதுக்கும்மா?"

"நில்லுங்க சார்."

நின்றார். யார்டில் எல்லாரும் போட்டுக்கொள்கிற மேல்சட்டைதான் அவரும் போட்டிருந்தார். கண்ணைக் குத்துகிற இளம்பச்சை.

"சர்வேயருக்கும் இதே சட்டைதானே?"

"எல்லாருக்கும் இதுதான்."

"பட்டாசு, திரையில அவர் போட்டிருக்கறது என்ன கலர்?"

பார்த்தேன். ஈர மணல் நிறம். "துவைச்சா சாயம் போகும், சரி. படம் எடுத்தாலும் போகுமாக்கா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. சட்டையின் நிறம் பொய் என்றால் பெட்டியின் நிறம்?

ஆபரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கேமரா பழசும்மா. அப்படித்தான் இருக்கும்."

"நேத்து எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "நேத்து... நேத்து நல்லாத்தான் இருந்துச்சு."

அதன் பிறகு பத்து நிமிடம் பைத்தியம் பிடித்த பத்து நிமிடம். ஆபரேட்டர் மானிட்டரின் பொத்தான்களை எல்லாம் அமுக்கினார். வெளிச்சம் கூடியது, குறைந்தது. மணல் மணலாகவே இருந்தது. கேபிளைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். பக்கத்து மேஜை மானிட்டரைத் தூக்கி வந்து வைத்தோம். அதிலும் மணல். படத்தை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம் என்றேன். பாதுகாப்பு என்று சொல்லி மெஷினில் பென்டிரைவ் செருகுகிற எல்லா ஓட்டைகளையும் மேனேஜர் போன வருடமே அரக்கு வைத்து அடைத்துவிட்டாராம்.

"ஓட்டையை அடைக்கறதுல சார் கெட்டிக்காரர்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

பன்னிரண்டாவது பெட்டியும் காலி என்று வாக்கிடாக்கி சொன்னது. வாசலில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அக்கா, நானே போய் ஒவ்வொரு பெட்டியா தட்டிப் பாக்கறேன். என் குரல் கேட்டா அவர் பதில் சொல்லுவார்க்கா. விடச் சொல்லுங்கக்கா."

அக்கா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள். வரும்போது கேமரா படத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் திரை முழுக்கப் பரவியிருந்த இன்னொரு படத்தைப் பார்த்தாள்.

கடற்கரை. சூரியன் இறங்குகிற நேரம். வானம் முழுக்க ஆரஞ்சும் சிவப்பும். நடுவில் சர்வேயர், அவர் மனைவி, தோளில் ஒரு குழந்தை. மூன்று பேர் முகத்திலும் அந்த வெளிச்சம். அழகான படம். அவ்வளவு மோசமான திரையில் அது மட்டும் அச்சடித்ததுபோல் துல்லியமாக இருந்தது.

"மானிட்டர் கெட்டுப்போயிருந்தா இதுவும்தானே கெட்டிருக்கணும்?" என்றாள் அக்கா. "இதுல வானம் வானமா இருக்கு. இந்தப் படம் எப்போ வந்துச்சு?"

"காலையிலதான். அந்தம்மா கையில கொண்டுவந்த போட்டோ. ஷிப்ட் மாறி வர்றவங்களுக்கு ஆள் முகம் தெரியணுமேன்னு நான்தான் ஸ்கேன் பண்ணி, பெரிசாப் பின்னணியில போட்டேன்." ஆபரேட்டர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "கேட்ல நிக்கறவன்கூட வந்து பாத்துட்டுப் போனான்."

"கேமரா படத்தைத் திறந்தது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விஷயம் ஒண்ணும் தெரியாது அண்ணே. பஸ்ஸு தெரியும். முன்னாடி ஏறினவனுக்கு சீட்டு, பின்னாடி ஏறினவன் இடிச்சுக்கிட்டு நிப்பான். இங்கேயும் அப்படி ஏதாவது உண்டா?"

ஆபரேட்டர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"உண்டும்மா. இது பழைய மெஷின். ஒரே நேரத்துல இருநூத்தி அம்பத்தாறு கலர்தான் காட்டும். ஜன்னல்களை அடுக்கறது, பின்னணிப் படம் போடறது எல்லாம் விண்டோ மேனேஜர்னு ஒரு புரோகிராம். அது முதல்ல தனக்கு வேணுங்கற கலரை எடுத்துக்கும். அப்புறம் திறக்கற படத்துக்கு மிச்சம்."

"மிச்சம் இல்லைன்னா?"

"ஏற்கெனவே எடுத்த கலர்லயே கிட்டத்துல எது ஒத்துப்போகுதோ..." அவர் முடிக்கவில்லை. திரும்பி அந்த ஆரஞ்சு வானத்தைப் பார்த்தார்.

இருநூற்றைம்பத்தாறு இடமும் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்புமாக நிரம்பிவிட்டது. கேமரா படம் வந்து பச்சை கேட்டபோது பச்சை என்று ஒன்று மீதியே இல்லை. இந்த இரண்டு மணி நேரமாக நாங்கள் தேடிய பழுப்பு, பெட்டியின் நிறமே இல்லை. சூரியன் இறங்கியபோது கடலோரத்தில் விழுந்த நிழலின் நிறம்.

"அப்போ அந்தம்மா கொண்டுவந்த போட்டோதான் அவரை..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் காலை மிதித்தாள். நன்றாக மிதித்தாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்தப் பேச்சு இந்த ரூமோட நிக்கணும்," என்றாள்.

நின்றது. என் வாழ்நாளில் நான் விழுங்கிய முதல் வெடி அதுதான்.

"இப்போ என்ன பண்ணணும் அண்ணே?"

"படத்தை எடுத்துடணும். எடுத்தா மட்டும் போதாது. இனிமே அறுபது கலருக்கு மேல எடுக்காதேன்னு விண்டோ மேனேஜருக்கு ஒரு வரி எழுதி, அதை மூடித் திறக்கணும்."

"எழுதுங்க."

அந்த ஒரு வரியை எழுத அவர் பட்ட பாடு! பன்னிரண்டு வருடமாக அந்த மெஷினைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர். அவசரத்தில் எங்கோ ஒரு எழுத்து தப்பி, திரை மொத்தமும் கறுத்துப்போனது. "ஐயோ," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர், "எல்லாம் போச்சா?" என்று கத்தினார்.

"சார், நீங்க ஒரு நிமிஷம் வாயை மூடறீங்களா?" என்றேன். அதை நான் சொன்னதுதான் வேடிக்கை.

அவர் மறுபடி எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக அக்கா கூடவே படித்துப் பார்த்தாள். மெஷின் முனகிக்கொண்டே எழுந்தது. பின்னணியில் வெறும் சாம்பல் நிறம். கேமரா படத்தைத் திறந்தார்.

சட்டை இளம்பச்சை. ஓரத்தில் நின்ற ஃபோர்க்லிஃப்ட் மஞ்சள். பெட்டி கரும்பச்சை.

ஆபரேட்டர் வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். "கிரேன், கிரேன்! பழுப்பு இல்லை, பச்சை! ஏழாம் வரிசைக் கரும்பச்சை!"

கிரேன் ஓட்டுகிற பெண்ணின் குரல் கரகரத்தது. "பச்சையா? காலையில அந்த வரிசையில பச்சை ஒண்ணே ஒண்ணுதான் சார் இருந்துச்சு. அதைப் பத்தரைக்கே லாரியில ஏத்திட்டேனே!"

பத்தரை. மூன்று மணி நேரம். லாரி எந்த ரோட்டில் எந்த வெயிலில் போய்க்கொண்டிருக்கிறதோ! மூச்சுக்குத் தவிக்கிற ஒரு மனுஷனை ஏற்றிக்கொண்டு, தெரியாமலே ஒருத்தன் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பான். இத்தனை பாடுபட்டு உண்மையைக் கண்டுபிடித்தது இதற்குத்தானா என்று அழுகை வந்தது.

"லாரி வெளிய போகணும்னா எது வழியா போகணும்?" அக்கா இன்டர்காமைக் கையில் எடுத்துவிட்டாள்.

"எடை மேடை. அப்புறம் மெயின் கேட்."

எடை மேடைக் கிளார்க் மூன்றாவது மணியில் எடுத்தார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"பச்சைப் பெட்டியா? அதை ஏன் கேக்கறீங்க, இங்கதான் ஓரங்கட்டி நிக்குது. காலிப் பெட்டி, ஆனா எண்பது கிலோ கூடுதலாக் காட்டுது. டிரைவரைக்கூடக் கீழ இறக்கிட்டுப் போட்டுப் பாத்தேன். அப்பவும் அதே எண்பது. மேடை கெட்டுப்போச்சு போலன்னு மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன். அந்த ஆளு இன்னும் வரலை."

"அண்ணே," என்றாள் அக்கா. "மேடை கெடலை. கதவுல போட்டிருக்கற சீலை உடைச்சுத் திறங்க."

"மேனேஜர் சொல்லாம நான் எப்படிம்மா சீலை..."

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. அதுல இருக்க முடியாது. அது சர்வே முடிஞ்ச பெட்டி. பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. சீலை உடைச்சா..."

அக்கா ஒரு விநாடி அவரையே பார்த்தாள். ஓசியில் பஸ்ஸில் வந்தவனின் முதுகைப் பார்க்கிற பார்வை. பிறகு இன்டர்காமைப் போட்டுவிட்டு ஓடினாள்.

எங்களுக்கு முன்னால் அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் கேட்டதெல்லாம் அவளுக்கும் கேட்டிருந்தது. செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து எடை மேடை அரை கிலோமீட்டர். வெயிலில் தார் ஒட்டியது. எனக்கு மூச்சு வாங்கியபோது, உள்ளே இருக்கிறவர் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

கிளார்க் நல்ல மனுஷன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடப்பாரையால் சீலை உடைத்திருந்தார். அவரும் லாரி டிரைவரும் நானுமாகத் தாழ்ப்பாளைத் தூக்கினோம். கதவு திறந்ததும் சூளையிலிருந்து வருகிற மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

கோடி மூலையில் அவர் கிடந்தார். குப்புறப் படுத்து, முகத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, அசையாமல்.

"என்னங்க!"

அவள் லாரி மேல் எப்படி ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. அவரைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டு, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் இல்லை. "இழுங்க. இழுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். மறுபடி அழுத்தினாள். டிரைவர் தண்ணீரை முகத்தில் அடித்தார். மூன்றாவது தடவை அவர் நெஞ்சு ஏறியது. கீச்சென்று ஒரு சத்தம். உலகத்தில் நான் கேட்ட சத்தங்களிலேயே அழகான சத்தம் அது.

அவரைக் கீழே இறக்கி நிழலில் சாய்த்தோம். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள். அந்தப் பெண் அவர் தலையைப் பிடித்துக்கொண்டே அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"எண்பது கிலோ கூட இருந்துச்சும்மா," என்றாள் அக்கா. "அவ்வளவுதான்."

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்து சேர்ந்தார், இரைக்க இரைக்க. கூடவே நாலைந்து ஆட்கள். "நல்ல வேளை, நல்ல வேளை," என்றார். "நான் அப்பவே சொன்னேன், எப்படியும் கிடைச்சுருவார்னு."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. கிளார்க்கிடம் கையை நீட்டினாள். "அண்ணே, இந்தப் பெட்டியோட சர்வே பேப்பரைக் குடுங்க."

வாங்கிப் படித்தாள். சத்தமாகவே படித்தாள். "உள்புறம் பரிசோதிக்கப்பட்டது. ஓட்டை இல்லை. பழுது இல்லை. நேரம் ஒன்பது நாற்பது. சர்வேயர் கையெழுத்து."

யாரோ ஒருவர் இன்ஜினை அணைத்தார். ஒன்பது நாற்பதுக்கு அந்த மனுஷன் எங்கே இருந்தார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆள் வரவில்லையே, போய்ப் பார்ப்போம் என்று தோன்றவேண்டிய நேரத்தில், லாரி தாமதமாகிறதே என்று மட்டும் யாருக்கோ தோன்றியிருக்கிறது. சண்டையும் பின் கேட்டும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு இப்போது புரிந்தது. கை பரபரத்தது. அக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

சர்வேயர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. அவர் மனைவி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஓட்டை... இருக்கு," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "கோடி மூலை... கீழ... கடுகளவு. அதுல... வாயை வச்சுக்கிட்டுத்தான்... எழுதிக்குங்க."

கடமை தவறாத மனுஷன். அக்கா காகிதத்தைப் பின்பக்கமாகத் திருப்பினாள். தன் பேனாவை எடுத்துத் திறந்து, இரண்டையும் மேனேஜரிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க சார். இவர் கையெழுத்து உங்களுக்கு நல்லா வருதே."